நிழல் விழாத கட்டடம்

மே மாதம், மத்தியானம் பன்னிரண்டரை மணி. செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருபத்து நான்கு குடும்பங்கள் கூடி நின்று ஓர் அட்டைக் கட்டடத்துக்குக் கைதட்டின. தட்டிய கைகளில் என் கைகளும் இருந்தன.

வெயில் மண்டையைப் பிளந்தது. தலைக்குத் தலை கைக்குட்டை, துண்டு, துப்பட்டா. ஒருவர் தலையில் இந்தப் பத்திரிகையேகூட இருந்தது. இதைப் படிக்கவும் செய்யலாம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித்தர வந்த பில்டரின் ஆர்க்கிடெக்ட் ரோஹன் கொண்டுவந்து வைத்த மாதிரிக் கட்டடங்கள் இரண்டு. சாலைப் பக்கம், அதாவது தெற்கே, வெளியாருக்கு விற்பதற்கான முப்பது மாடி டவர். அதன் முதுகுக்குப் பின்னால், வடக்கே, பழைய குடும்பங்களான எங்களுக்கு ஒன்பது மாடி. நடுவே பச்சை பிளாஸ்டிக் மரங்கள். ஒரு பிளாஸ்டிக் பெண் பிளாஸ்டிக் நாயைக் கூட்டிக்கொண்டு நடை போனாள். எங்கள் சொசைட்டியில் நாய் வளர்க்கக் கூடாது என்று விதி. அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

"பாருங்கள், எங்கள் டவரின் நிழல் உங்கள் கட்டடத்தின் மேல் விழுகிறதா?" என்று ரோஹன் ஹிந்தியில் கேட்டான்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். விழவில்லை. டவரின் காலடியில் நூலளவு நிழல்கூட இல்லை.

"ஏக்தம் ஜீரோ," என்றான் ரோஹன்.

சொசைட்டி செக்ரட்டரி விஸ்வநாதன் மாமா தொண்டையைச் செருமினார். "நன்னாப் பாத்துக்கோங்கோ. இருட்டா இருக்கு, காத்து வரலைன்னு நாளைக்கு யாரும் எங்கிட்ட வந்து நிக்கப்படாது. வசந்தா, நீ ஃபிசிக்ஸ் டீச்சர். நீயே ஒரு வார்த்தை சொல்லிடு."

எனக்குப் பெருமை. ஒரு அடி முன்னால் வந்தேன்.

"இன்னிக்கு சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல இருக்கு. அதனால எந்தக் கட்டடத்துக்கும் நிழல் பக்கத்துல விழாது," என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் கிடையாது. 'இன்னிக்கு' என்ற ஒரு சொல்லும் அதில் இருந்தது. அது யார் காதிலும் விழவில்லை. சொன்ன என் காதிலேயே விழவில்லை என்பதுதான் இந்தக் கதை.

தேதி கொடுத்தவள் நான்தான்

ரோஹன் அந்த நாளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைக் கொடுத்தவளே நான்தான்.

வருடா வருடம் மே மாதத்தின் நடுவில் என் கோச்சிங் கிளாஸ் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு வரவழைப்பேன். ஸ்டீல் டம்ளர், தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிறுத்திவைத்து நிழல் காணாமல் போவதைப் பார்ப்போம். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் காணாமல் போகும். ஏன் பன்னிரண்டுக்கு இல்லை என்று கேட்பார்கள். மும்பை நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, நம் கடிகாரமோ ரொம்பக் கிழக்கே உள்ள ஓர் இடத்துக்குத் திருப்பிவைத்தது, சூரியன் இங்கே வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும் என்பேன். "சூரியனும் லேட்டா டீச்சர்?" என்று, லேட்டாக வந்த ஒருத்தி சந்தோஷமாகக் கேட்பாள்.

அந்த வருடம் ஒரு வாரம் முன்னதாக ரோஹன் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, நிழல் இல்லாத நாள் என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்றைக்கு?" என்று கேட்டான்.

விஞ்ஞான ஆர்வமுள்ள பையன் என்று பூரித்துப்போனேன். நாள், மணி, நிமிடம் எல்லாம் சொல்லி, உட்காரவைத்துக் காபியும் கொடுத்தேன். டிகாக்‌ஷன் புதிதாக இறக்கியது.

கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளவும்

மாட்டுங்காவில் நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, "டீச்சர் வாழ்க்கையில் எழுத என்னதான் இருக்கிறது, கரும்பலகையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கரும்பலகையும் இருக்கிறது ஐயா. இதோ.

கோடையில் வெயில் ஏன் கொளுத்துகிறது? சூரியன் கிட்டே வந்துவிடுகிறது என்று என் பிள்ளைகளில் பாதிப் பேர் எழுதுவார்கள். அவர்களுடைய அப்பாக்களில் முக்கால்வாசிப் பேர் அதையே சொல்வார்கள், அதுவும் சத்தமாக. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரியில். நம் ஊரில் ஸ்வெட்டர் தேடும் மாதம்.

விஷயம் தூரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. பூமி நிமிர்ந்து நின்று சுற்றுவதில்லை, ஒருக்களித்துச் சுற்றுகிறது. அதனால் நம் தலைக்கு மேலே சூரியன் போகும் பாதை தினமும் கொஞ்சம் நகரும். மார்கழியில் தெற்கே தாழ்ந்து போகும், அப்போது எந்தப் பொருளின் நிழலும் வடக்கே நீளும். பிறகு மெல்ல ஏறி, மே நடுவில் மும்பைக்கு நேர் மேலே வரும். அதற்குமேல் கொஞ்சம் வடக்கே போய்விட்டு, ஜூலை கடைசியில் திரும்ப நம் தலையைத் தாண்டித் தெற்கே இறங்கும். அவ்வளவுதான். இதைத்தான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வானவியல் படிக்க ஆசை. அப்பா ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். "வானத்தைப் பாத்துண்டு நின்னா யார் வந்து பொண்ணு கேப்பா?" என்றார். பி.எட். படிக்கவைத்தார். பெண் கேட்டு வந்தவர் முதல் நாளே, "ஃபிசிக்ஸ்னா ஃபேன் ரிப்பேர் தெரியுமா?" என்றார். கல்யாணம் நடந்தது. இத்தனை வருடமாக வீட்டு ஃபேன்களை நான்தான் ரிப்பேர் செய்கிறேன்.

அணுவைப் பிளந்த மாமா

விஸ்வநாதன் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்கள் வசிக்கும் அணுசக்தி நகரில் முப்பது வருடம் குடியிருந்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். வந்த ஆறாவது மாதம் செக்ரட்டரி ஆனார். இன்றுவரை செக்ரட்டரி.

"நாங்க அங்க ராப்பகலா அணுவைப் பிளந்துண்டிருந்த காலத்துல..." என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார். தண்ணீர் பம்ப் ரிப்பேர் பற்றிய பேச்சாக இருந்தாலும் அணு பிளக்கப்படும். அவர் பார்த்தது ஸ்டேஷனரி ஸ்டோர்ஸில் குமாஸ்தா வேலை. பேப்பர், பென்சில், ஸ்டாப்ளர் பின். ஸ்டாஃப் பஸ்ஸில் மட்டும் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து போவார். அந்தப் பஸ் பயணத்திலேயே விஞ்ஞானம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று 'நியூட்ரான்' என்றால் இருபத்து மூன்று குடும்பங்களும் வாயைப் பொத்தும். நான் நிஜமாகவே ஃபிசிக்ஸ் படித்தவள். எனக்குக் கிடைத்தது, மின்சார பில் ஏன் ஏறியது என்ற கேள்வி மட்டும்தான்.

அவருக்கும் தரைத்தள வீட்டுப் புஷ்பத்துக்கும் தீராத சண்டை. புஷ்பம் திருநெல்வேலிப் பக்கம். அவள் கணவர் செல்வராஜ் அண்ணாச்சிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மளிகைக் கடை. புஷ்பம் மொட்டை மாடியில் கூழ் வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய் எல்லாம் போட்டுக் காயவைத்து, அந்தக் கடைக்கும் தாராவியில் இன்னும் நாலு கடைக்கும் கொடுப்பாள். இரண்டு பெண்களை அந்த வற்றலில்தான் காலேஜுக்கு அனுப்பினாள்.

"மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. இது என்ன மிளகாய் மண்டியா?" என்று மாமா நோட்டீஸ் ஒட்டுவார். புஷ்பம் அந்த நோட்டீஸைக் கிழித்து, மிளகாய்த் தட்டுக்கு அடியில் விரிப்பாள்.

நாற்பது பதில் தாள்கள்

மாடிக் காட்சி முடிந்து மூன்று வாரம் இருக்கும். கிளாஸில் ஒரு டெஸ்ட் வைத்தேன். 'மும்பையில் நடுப்பகலில் ஒரு கம்பத்தின் நிழல் எவ்வாறு இருக்கும்? விளக்குக.' சுலபமான கேள்வி என்று வைத்தது.

வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். முதல் தாள்: 'மும்பையில் நடுப்பகலில் நிழல் விழாது.' தப்பு. இரண்டாவது தாள்: 'நிழல் இருக்காது.' தப்பு. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அதேதான். நாற்பதில் முப்பத்தேழு பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஆதாரமும் கொடுத்திருந்தாள்: 'நாங்களே டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் பார்த்தோம்.'

எனக்குக் கோபமான கோபம். 'வருடத்தில் இரண்டே நாள்! மற்ற நாளெல்லாம் விழும்!' என்று அந்தத் தாளில் சிவப்பு மையால் எழுதினேன். ஆச்சரியக்குறி போட்ட கை அப்படியே நின்றது.

ரோஹனின் அட்டை டவர் கண் முன்னால் வந்தது. மேஜையின் தெற்கே முப்பது மாடி. வடக்கே நாங்கள். மார்கழியில் நிழல் எந்தப் பக்கம் விழும்? வடக்கே.

பேனாவை மூடி வைத்துவிட்டு, இருட்டில் எதையோ மிதித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முப்பத்தேழு குழந்தைகளுக்குப் பூஜ்யம் போட்டாயிற்று. இப்போது எனக்கு யார் போடுவது?

சூரியன் லீவில் போனது

மறுநாளே எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு நிழலைக் காட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் மழை வந்துவிட்டது. மும்பை மழைக்காலத்தில் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அப்படியே மேகம் விலகினாலும், அந்த இரண்டு மாதம் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் சாலைப் பக்கம்தான் விழும். அதுவும் பில்டருக்கு சாதகம்.

எனக்கு நினைவுக்கு வந்த ஒரே ஆள் புஷ்பம். கீழே இறங்கிப் போனேன். சமையலறையில் ஈர மிளகாயை அடுப்புச் சூட்டில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"புஷ்பம், கார்த்திகை, மார்கழியிலே நட்டநடு மத்தியானம் தண்ணி டேங்க் நிழல் எவ்வளவு தூரம் விழும்?"

"அது கெடக்கு டீச்சர், நாலு பாய் விரிக்க எடத்த அடைச்சுக்கிடும். டேங்க் ஒசரத்துக்கு ஒரு அடி கம்மி. அந்த மாசம் பூரா நான் டேங்குக்கு வடக்க எதுவும் போடவே மாட்டேன். எதுக்குக் கேக்கீக?"

டேங்க் ஒன்பது அடி. நிழல் எட்டடி. என் புத்தகக் கணக்கும் அதையேதான் சொன்னது. முந்நூறு அடி டவருக்கு நிழல் இருநூற்று எழுபது அடியாவது இருக்கும். டவருக்கும் எங்கள் புதுக் கட்டடத்துக்கும் நடுவே விட்டிருந்தது நாற்பது அடி.

அவள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் மாடிக்கோ ஜன்னலுக்கோ நடுப்பகல் வெயில் வராது. மிச்ச நாலு மாதத்தில் மூன்று மழை. ஆக வெயில் வருவது மே மாதம், யாருக்கும் வேண்டாத மாதம்.

புஷ்பம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் பொழப்பு போச்சுன்னு சொல்லுதீக."

"ஆமாம் புஷ்பம்."

"அன்னைக்குக் கை தட்டுனீகளே டீச்சர்."

அடுப்பில் மிளகாய் கமறியது. கண்ணில் நீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் பக்கம்

இரண்டு நாள் கழித்து ரோஹனைப் பழைய படிக்கட்டிலேயே பிடித்தேன். இந்த முறை காபி கிடையாது.

"ரோஹன், டிசம்பரில் நிழல் எங்கே விழும்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் திறந்து காட்டினான். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பக்கம். டிசம்பர் பக்கத்தில் எங்கள் ஒன்பது மாடியும் ஒரே கறுப்பு. மையைக் கொட்டிய மாதிரி இருந்தது.

"இது உன்னிடம் முதலிலிருந்தே இருந்ததா?"

"இருந்தது ஆன்ட்டி. கிஸீ நே பூச்சா ஹீ நஹீ." யாருமே கேட்கவில்லையாம்.

"கூட்டத்தில் இதைக் காட்டு."

"நௌக்ரி ஹை ஆன்ட்டி," என்றான். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். இறங்கிப் போனவன் திரும்பி, "நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை," என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அது இன்னும் எரிகிறது.

விரலை எடுத்தால் போச்சு

சம்மதம் கேட்கும் பொதுக்கூட்டம், ஒரு கொட்டும் மழை ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சமோசா, டீ எல்லாம் பில்டர் உபயம். நான் ஒரு டேபிள் லாம்ப்பும், மாதிரிக்கு இரண்டு பிஸ்கெட் பாக்கெட்டும் எடுத்துப் போனேன்.

லாம்ப்பை உயரத்தில் பிடித்தால் இது மே மாதம், தாழ்த்திப் பிடித்தால் இது மார்கழி என்று காட்டினேன். பெரிய பாக்கெட்டின் நிழல் சின்னப் பாக்கெட்டை முழுசாக விழுங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் பிடித்துவிட்டிருப்பேன்.

விஸ்வநாதன் மாமா எழுந்தார்.

"நாங்க அங்க அணுவைப் பிளந்துண்டிருந்த காலத்துலேயே இதெல்லாம் பாத்தாச்சு. சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பூமியை மாதிரி பத்து லட்சம் பூமியை உள்ள போட்டு அடைக்கலாம், அத்தனை பெரிசு. அதைப் போய் செம்பூர்ல ஒரு முப்பது மாடிக் கட்டடம் மறைச்சுடுமா?"

பலத்த கைதட்டல்.

"மாமா, உங்க கட்டை விரலைக் கண்ணுக்கு நேரா வச்சுக்கோங்கோ," என்றேன். "அந்த ட்யூப் லைட் தெரியறதா?"

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பார்த்தார். "தெரியலை," என்றார்.

"உங்க விரல் ட்யூப் லைட்டைவிடப் பெரிசா?"

அவர் விரலையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன, விரலை எடுத்துட்டாப் போச்சு!"

ஹாலே சிரிப்பில் குலுங்கியது. "முப்பது மாடியை யார் மாமா எடுக்கறது?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. சமோசாத் தட்டுகள் வேறு உள்ளே வந்துவிட்டன.

"அன்னிக்கு நீயேதானேம்மா நிழலே விழாதுன்னு சொன்னே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சொன்னேன். அரைகுறையாச் சொன்னேன். யோசிக்காமச் சொன்னேன். தப்பு என்னுதுதான்."

"அப்போ இத்தனை வருஷமா எங்க பசங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தேள்?" என்றார் இன்னொருவர்.

திரும்பவும் சிரிப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்றே வயதானவள் நான். அன்று லாம்ப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் மாமா. கைகள் எழுந்தன. செல்வராஜ் அண்ணாச்சியின் கையும் எழுந்தது. பக்கத்தில் இருந்த புஷ்பம் அதைப் பிடித்து இறக்கினாள்.

"கையக் கீழ போடும். வீடு எம் பேர்ல இருக்கு."

"ஏட்டி, லிஃப்ட் தாரான். கார் நிறுத்த எடம் தாரான்."

"நம்மட்ட காரா நிக்கி?"

இருபத்திரண்டு பேர் சம்மதம். இரண்டு பேர் எதிர்ப்பு. நடவடிக்கைக் குறிப்பில் மாமா அழகான கையெழுத்தில் எழுதினார்: 'திருமதி வசந்தா பிஸ்கெட் கொண்டுவந்தார்.'

என் கையெழுத்து

இங்கே நிறுத்திவிட்டால் நான் வீராங்கனையாக இருந்துவிடலாம். ஆனால் இரண்டு மாதம் கழித்து நானும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் இல்லை. முட்டி இரண்டும் தேய்ந்திருந்தன. ஒரு நாள் காய்கறிப் பையோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவள் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. என் கொள்கை அந்த மூன்றாவது மாடியில் இருந்தது. அவ்வளவு தூரம் ஏற என்னால் முடியவில்லை.

புஷ்பத்திடம் நானே போய்ச் சொன்னேன். "சரி டீச்சர்," என்றாள். கதவைச் சாத்தவில்லை, திட்டவில்லை. மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் அவளும் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு, வாடகை வீடுகளில் நாங்கள் சிதறிக் கிடந்த காலம் முழுக்க, அவள் என்னோடு பேசவில்லை. தாராவியில் ஒரு கடையில் நேருக்கு நேர் பார்த்தபோதும் கடைக்காரரிடம், "அந்த அம்மாளுக்கு என்ன வேணும்னு கேளுங்க," என்றாள்.

வெயில் அட்டவணை

டவர் எழுந்தது. நாங்கள் புதுக் கட்டடத்துக்குக் குடி வந்தோம். எனக்கு ஏழாவது மாடி. பளிங்குத் தரை, பேசும் லிஃப்ட். முதல் வருட டிசம்பரில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ட்யூப் லைட் எரிந்தது. துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரமாகத் தொங்கியது.

"முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கப்படாதா டீச்சர்?" என்று அன்று சமோசாவோடு சிரித்தவர்களில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகக் கேட்டார்கள்.

மாமாவுக்கு எலும்பு வலி. வைட்டமின் டி குறைவு, தினமும் வெயிலில் உட்காருங்கள் என்றார் டாக்டர். அவருக்கு மட்டுமில்லை, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவருக்கு அதே கதை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் காலை பத்தரையிலிருந்து பதினொன்றே காலுக்குள் கட்டில் அகலத்துக்கு ஒரு வெயில் துண்டு விழும். அதற்குச் சண்டை. முந்தின நாளே நாற்காலி போட்டு இடம் பிடித்தார்கள். ஒருவர் பூட்டும் போட்டார்.

கடைசியில் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: வீட்டுக்குப் பத்து நிமிடம், முறை வைத்து. வெயில் துண்டு வாரா வாரம் நகர்வதால், அட்டவணை தயாரிக்கும் பொறுப்பை ஒருமனதாக என்னிடம் ஒப்படைத்தார்கள். என் வாழ்நாளில் ஃபிசிக்ஸுக்குக் கிடைத்த ஒரே பதவி.

புஷ்பம் அட்டவணையில் பெயர் கொடுக்கவில்லை. கல்யாணில் அவளுடைய சித்தி மகள் வீட்டு மாடியைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் மூட்டையோடு போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். ஒரு தடவை லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாலாவது மாடி தாண்டியதும், "கல்யாண்ல வெயிலு நல்லாத்தான் அடிக்கி டீச்சர். காக்காதான் தொந்தரவு. வெரட்ட ஆள் இல்ல," என்றாள். நான்கு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. ஏழாவது மாடி வந்தும் நான் இறங்கவில்லை. மேலே அவள் மாடிவரை போய்விட்டுத்தான் திரும்பக் கீழே வந்தேன்.

இந்த டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மேகமூட்டம் போட்டது. பதினொன்றரைக்கு மாமா கதவைத் தட்டினார். கையில் அட்டவணை.

"வசந்தா, இன்னிக்கு என்னோட பத்து நிமிஷம் மேகத்துல போயிடுத்து. அதை என் அடுத்த முறையோட சேத்துக் குடுத்துடு."

"மேகத்துக்கு நான் பொறுப்பில்லை மாமா. வெயில் வேணும்னா கல்யாணுக்குப் போங்கோ. சனிக்கிழமை புஷ்பம் போறா. கேட்டா கூட்டிண்டு போவா."

"வத்தல் காயற மாடியில போய் நான் உக்காரறதா?"

"சும்மா உக்கார வேண்டாம். காக்கா விரட்ட ஆள் வேணுமாம் அவளுக்கு."

அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. அட்டவணையை மடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலில் குர்லா ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ நின்றிருந்தது. புஷ்பம் மூட்டைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், மங்கி குல்லாயும் மஃப்ளருமாக, ஒரு கையில் மடக்கு நாற்காலியும் இன்னொரு கையில் நீளமான ஒரு குச்சியுமாக விஸ்வநாதன் மாமா காத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் ஏறும்," என்றாள் புஷ்பம்.